மேடைக்கு முன் நாலு காது: பேசப் பழகுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மகள் படித்த தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம். நான் சங்கத்தின் பொருளாளர். "கணக்குப் பார்க்கிறவங்கதானே, ஒரு பேர் விடாம சொல்வீங்க" என்று நன்றியுரையை என் தலையில் கட்டினார்கள். இரண்டே நிமிடம். மேடை ஏறியதும் கையிலிருந்த ஏ4 தாள் நடுங்கத் தொடங்கியது. அது படபடத்த சத்தம் ஒலிவாங்கி வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. மீ கோரேங் கொண்டுவந்து இறக்கிய கடைக்காரர் வரைக்கும் நன்றி சொல்லி முடித்தேன். விட்டுப்போனது தலைமையாசிரியர் பெயர்.

அப்போது எனக்கு வயது 38. கோலாலம்பூர் செந்தூலில் வீடு, சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. அந்த இரவுக்குப் பிறகு மூன்று வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். கண்ணாடி கொட்டாவி விடாது. கைப்பேசியை எடுத்துப் பார்க்காது. "என்ன சொன்னீங்க?" என்று கேட்காது. அதன் முன்னால் வெளுத்து வாங்கிவிட்டு, வேலையிடத்துக் கூட்டத்தில் மூன்று பேர் திரும்பிப் பார்த்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததிலிருந்து கற்றுக்கொண்டவைதான் இங்கே இருப்பவை. வரவேற்புரை, நன்றியுரை, கல்யாண வாழ்த்து, கோயில் கூட்டம், வேலையிட விளக்கம் என்று ஏதாவது ஒன்றுக்காகத் திடீரென்று எழுப்பிவிடப்படும் சாதாரண ஆட்களுக்கானது. பட்டிமன்றப் பேச்சாளராக நினைப்பவர்களுக்கு இது போதாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசப் பழகுவதற்கு முன் செய்யவேண்டியது, கேட்க ஆள் சேர்ப்பது. திருக்குறளில் அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். அதற்கு முன்னால், 72-ல், அவையறிதல் இருக்கிறது. பயப்படாதே என்று சொல்வதற்கு முன் எதிரே இருப்பவரைத் தெரிந்துகொள் என்று வள்ளுவர் வைத்திருக்கிறார். மேடையில் குறள் ஒப்பிக்கும் பலர் இந்த வரிசையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் நாற்பதை நெருங்கும்போதுதான் கவனித்தேன்.

முதல் படி: நாலு காது சேருங்கள்

நாலு காது என்றால் இரண்டு பேர். அதற்குக் குறைந்தால் அது அரட்டை. ஆறேழு பேரைத் தாண்டினால் எல்லோருக்கும் முறை வருவதற்குள் கடைசி ரயில் போய்விடும்.

யாரைச் சேர்ப்பது? நன்றாகப் பேசுகிறவர்களைத் தேட வேண்டாம். உங்களைப் போலவே பயப்படுகிறவர்கள், வாரம் ஒரு மணி நேரம் ஒழுங்காக வரக்கூடியவர்கள், அது போதும். கணவன் மனைவியைச் சேர்க்காதீர்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் நான் பேச ஆரம்பித்த பத்தாவது நொடியில் "இதை அன்னிக்கே சொன்னியே" என்பார். உங்கள் முதலாளியும் வேண்டாம்.

எங்கள் கூட்டம் நாலு பேரில் தொடங்கியது. நான், எங்கள் அடுக்குமாடியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, லாரி ஓட்டும் ஒரு அண்ணன், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். அண்ணனுக்கு மகள் கல்யாணத்தில் நாலு வார்த்தை பேச வேண்டும். அக்காவுக்குக் கோயில் மகளிர் பிரிவில் பேச வேண்டும். சாருக்கு எதுவும் தேவை இல்லை, வீட்டில் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

இடம்: ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக்கடை), பின்வரிசை மேசை. புதன்கிழமை இரவு எட்டரை மணி. கடை சத்தமாக இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும்தான். ரொட்டி சானாய் தட்டும் சத்தம், பந்தாட்டம் ஓடும் தொலைக்காட்சி, "தே ஓ கொசோங் சத்து!" என்ற கூவல், இவற்றுக்கு நடுவே நாலு பேர் காதில் விழும்படி பேசிப் பழகியவருக்கு மண்டபத்தின் அமைதி ஒரு சலுகை. ஆனால் முதல் இரண்டு வாரம் மட்டும் அமைதியான இடமாகப் பாருங்கள். நாங்கள் அக்கா கடையைச் சாத்திவிட்டு, தையல் இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தோம்.

எத்தனை நாளைக்கு என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். "நல்லா பேச வரும்வரைக்கும்" என்று வைத்தால் மூன்றாவது வாரமே ஆள் குறையும், ஏனென்றால் அந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் பத்துப் புதன்கிழமை என்று வைத்தோம். பத்து முடிந்ததும் விரும்பியவர் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

இரண்டாம் படி: கேட்கிறவருக்கும் பயிற்சி வேண்டும்

எங்கள் கூட்டம் இரண்டாவது வாரத்திலேயே உடையப் பார்த்தது. அண்ணன் கராக் நெடுஞ்சாலையில் அதிகாலை மூன்று மணிக்கு டயர் வெடித்து நின்ற கதையைச் சொன்னார். மழை, மேட்டில் பின்னால் வந்த பேருந்தின் விளக்கு, கைவிளக்கை ஆட்டிக்கொண்டு இவர் சாலையில் ஓடியது. நான் தையல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன். முடித்ததும் சார் குறிப்பேட்டைத் திறந்தார். லகர ளகரம் மாறிய இடங்கள், ழகரம் விழுந்த இடங்கள், ஒருமை பன்மை, மலாய்ச் சொல் கலந்தவை. பதினாலு எண்ணினேன்.

சாரைக் குறை சொல்லவில்லை. அவர் மணிமன்றம் என்ற தமிழ் இளைஞர் அமைப்பில் வளர்ந்தவர். 1966-ல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தபோது பத்து வயதுப் பையன். பேச்சு என்றால் பிழையற்ற தமிழ் என்றுதான் அவர் காலத்துப் பேச்சுப் போட்டிகள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தன. ஆனால் அண்ணன் அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். "நமக்கு இதெல்லாம் சரிப்படாதுமா. லாரி ஓட்டுறவனுக்கு மேடை எதுக்கு?" என்றார்.

இன்னொரு பக்கம் அக்கா. யார் என்ன பேசினாலும் "அருமை" என்பார். நான் பாதியில் மறந்து உட்கார்ந்த நாளிலும் "அருமை". பதினாலு திருத்தமும் ஒன்றுதான், இந்த அருமையும் ஒன்றுதான். இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் என்ன செய்வது என்று பேசியவருக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் வைத்துக்கொண்ட முறை இன்றுவரை மாறவில்லை. பேசி முடித்ததும் கேட்டவர் ஒவ்வொருவரும் நான்கே சொல்ல வேண்டும், இதே வரிசையில்:

1. எனக்குப் புரிந்தது இது, ஒரே வாக்கியத்தில்.
2. மனதில் நின்ற ஒரு காட்சி அல்லது ஒரு சொல்.
3. என் கவனம் எங்கே கழன்றது.
4. அடுத்த வாரம் மாற்றவேண்டிய ஒன்று. ஒன்றே ஒன்று.

முதலாவதுதான் மிகப் பயனுள்ளது, அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். நீங்கள் சேமிப்பைப் பற்றிப் பேசியதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டவர் "உங்க மாமியார் மேல கோவம்னு புரிஞ்சுது" என்பார். இதைவிட நேர்மையான மதிப்பெண் கிடையாது. மூன்றாவதில் காரணம் சொல்லத் தேவையில்லை. "பேங்க் பேரு வந்த இடத்தில் தொலைக்காட்சியைப் பார்த்தேன்" என்றால் போதும். காரணத்தைப் பேசியவரே கண்டுபிடித்துக்கொள்வார். "அருமை", "சூப்பர்" என்ற சொற்களுக்குத் தடை. சொன்னவர் ஒரு வெள்ளி (ரிங்கிட்) அபராதம் போட வேண்டும். அக்கா முதல் மாதத்தில் ஏழு வெள்ளி போட்டார்.

பேசியவர் பதிலுக்கு "நன்றி" மட்டும்தான் சொல்லலாம். "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். இது பேசுவதைவிடக் கஷ்டம்.

அண்ணன் திரும்பி வந்தது எப்படி என்று சொல்லவில்லையே. சாரே அவரைக் கூப்பிட்டிருக்கிறார். திருத்தம் எதுவும் பேசவில்லை. "அந்த டயர் வெடிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்தப் பேருந்து நின்னுச்சா இல்லையான்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டாராம். அடுத்த புதன்கிழமை அண்ணன் அதைச் சொல்ல வந்துவிட்டார்.

ஆள் சேர்க்க முடியவில்லையா? மேடைப்பேச்சு பழகுவதற்கென்றே இருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களைப் பாருங்கள். 1924-ல் ரால்ப் ஸ்மெட்லி என்பவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாண்டா அனா என்ற ஊரில் தொடங்கியது. கோலாலம்பூரிலும் நிறைய மன்றங்கள் உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பவை. உறுப்பினர் ஆவதற்கு முன் விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே ஒவ்வொரு உரைக்கும் ஒரு மதிப்பீட்டாளர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். 'அ...', 'ம்...' எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். தயாரிப்பு இல்லாமல் பேசும் பகுதியில் ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. நாங்கள் அதைத் திருடி, மாமாக் கடையின் பிளாஸ்டிக் குவளைகளை வைத்துச் செய்தோம். மஞ்சள் குவளை கிடைக்காத நாளில் ஒரு கிண்ணம் குழம்பு.

மூன்றாம் படி: ஏணிக்கம்புகளை நெருக்கமாகப் போடுங்கள்

வாரம் ஒருமுறை மேசையில் பேசுவதற்கும் முந்நூறு பேர் மண்டபத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பும் சின்ன வாய்ப்புகள் இந்த ஊரில் ஏராளம். நான் ஏறிய வரிசை இது.

முதலில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு நிமிடக் குரல்பதிவு, நாலு பேருக்கு மட்டும், திங்கள்தோறும். முகம் தெரியாது என்பதால் எளிது. உங்கள் குரலையே கேட்டதும் அருவருப்பாக இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குள் வருவதால் கனமாகக் கேட்கிறது. பதிவில் காற்று வழியாக வருவது மட்டுமே இருக்கிறது. மற்றவர்கள் இத்தனை வருடமாகக் கேட்டுவருவது அந்தக் குரலைத்தான், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது, மேசையில் இரண்டு நிமிடம், உட்கார்ந்தபடி. மூன்று வாரம் கழித்து நின்றபடி. மாமாக் கடையில் எழுந்து நின்று பேசுவது முதல் தடவை சாவது போல இருக்கும். இரண்டாவது தடவை பக்கத்து மேசைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பிறகு, பொது இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். இதை ஒரு தனிக் கம்பாகவே வையுங்கள். விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் டான் ஸ்ரீ சோமா அரங்கத்தில் நூல் வெளியீடு, கருத்தரங்கு என்று அடிக்கடி ஏதாவது நடக்கும். கேள்வி நேரம் விட்டால் கை தூக்குங்கள். பெயர், ஒரு வாக்கியம், ஒரு கேள்வி, உட்கார்ந்துவிடுங்கள். பதினைந்து நொடிதான், ஆனால் ஒலிவாங்கியில் உங்கள் குரல் ஒரு பெரிய அறையில் சுற்றி வந்து உங்கள் காதிலேயே விழும் அந்த அதிர்ச்சியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு அறிவிப்புகள். கோயிலில் "வெள்ளை நிற மைவி, பின்னால் ஒரு காடி காத்திருக்கிறது" என்று காரை நகர்த்தச் சொல்லும் வேலையை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம்தான் நன்றியுரை. வரவேற்புரையும் வாழ்த்துரையும் அதற்கும் பிறகு.

நான்காம் படி: எந்தத் தமிழில் பேசுவது?

தமிழ் பேசுகிறவருக்கு இருக்கும் ஒரு தொல்லை இது. ஆங்கில மேடைப்பேச்சுப் புத்தகங்கள் இதற்கு உதவாது. வீட்டில் ஒரு தமிழ், ஏட்டில் ஒரு தமிழ். வாழ்நாளில் ஒரு தடவைகூட வாயால் சொல்லாத "நல்கியமைக்கு", "இத்தருணத்தில்" போன்றவற்றை முதல்முறையாக முந்நூறு பேர் முன்னால் சொல்லப் பார்க்கிறோம். நாக்கு எப்படி வரும்? என்னைக் கேட்டால், நம் ஆட்களின் மேடை நடுக்கத்தில் பாதி பயமே இல்லை. பழக்கமில்லாத வினைமுற்றுகளைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிற மூச்சுவாங்கல் அது.

சார் இதில் என்னோடு இன்றும் சண்டை போடுவார். மேடையில் முழுக்க எழுத்துத் தமிழ்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. நான் செய்வது: விளிப்பும் தொடக்கமும் எழுத்துத் தமிழில். கதை சொல்லும்போது, குறிப்பாக யாராவது பேசியதைச் சொல்லும்போது, பேச்சுத் தமிழில் இறங்குவேன். முடிவில் மறுபடி மேலே. இறங்குவதும் ஏறுவதும் கேட்பவருக்குத் தெரிய வேண்டும். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் குழப்பினால்தான், "வந்திருக்கிறார்கள்ல" போன்ற பிராணிகள் பிறக்கும்.

எழுத்துத் தமிழ் வாய்க்குப் பழக ஒரே வழி சத்தமாக வாசிப்பது. தினம் பத்து நிமிடம் நாளிதழில் ஒரு செய்தியை வாய்விட்டுப் படியுங்கள். காலையில் காடியில் மின்னல் எஃப்எம் செய்தி கேட்பவர்கள், வாசிப்பவரோடு அரை நொடி பின்னால் தொடர்ந்து சொல்லிப் பாருங்கள். கூட்ட நெரிசலில் நிற்கும்போது பக்கத்துக் காடிக்காரர் பார்ப்பார், பார்க்கட்டும். '-கிறார்கள்', '-வேண்டும்' போன்ற கடைசி அசைகளை விழுங்காமல் இருப்பதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம். மண்டபத்தில் பின்வரிசைக்கு முதலில் கேட்காமல் போவது வாக்கியத்தின் வால்தான்.

மலாய்ச் சொற்களைப் பற்றி: தாமான், பாசார் மாலாம், ரொட்டி சானாய் எல்லாம் இங்கே நம் சொற்கள். அவற்றைச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்பது போல இழுக்க வேண்டாம். "ஆக்சுவலி", "சோ" இரண்டையும் மட்டும் எண்ணச் சொல்லுங்கள். என் கணக்கு முதல் நாளில் இரண்டு நிமிடத்துக்குப் பதினொன்று.

ஐந்தாம் படி: உரையைக் கட்டுவது

நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 80, 85 சொல்தான் வருகிறது. அப்படியென்றால் இரண்டு நிமிடத்துக்கு 170 சொல், பாதிப் பக்கம். முழுப் பக்கம் எழுதிக்கொண்டு போனால் ஓடத்தான் வேண்டும். உங்கள் வேகத்தைக் குரல்பதிவில் ஒருமுறை எண்ணிவிடுங்கள், ஆயுளுக்கும் உதவும்.

நன்றியுரையில் ஆளாளுக்கு "மனமார்ந்த நன்றி" சொல்வதைவிட, கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். "நாற்காலி அடுக்கிய ஆறாம் ஆண்டு மாணவர்கள்" என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு மறக்க மாட்டார்கள். விடக்கூடாத பெயர்களைத் தனி அட்டையில் எழுதி, மேலே எண் போட்டு வையுங்கள். வண்ணம் நன்கொடை கொடுத்த சீனக் கடைக்காரர், கல்வி இலாகாவிலிருந்து வந்த மலாய் அதிகாரி ஆகியோர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

வரவேற்புரையில் கண்ணிவெடி விளிப்பில் இருக்கிறது. மலேசியப் பட்டங்கள் துன், டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்று வரிசை. டான் ஸ்ரீயின் துணைவியார் புவான் ஸ்ரீ, டத்தோவின் துணைவியார் டத்தின். டத்தோ ஸ்ரீயை டத்தோ என்று இறக்கிவிட்டால் உங்கள் உரையில் மற்ற எதுவும் நினைவிருக்காது, அது மட்டும் இருக்கும். யார் வருகிறார்கள், பட்டம் என்ன என்று ஏற்பாட்டாளரிடம் முதல் நாளும் கேளுங்கள், மேடை ஏறப் பத்து நிமிடத்துக்கு முன்னும் கேளுங்கள். கடைசி நேரத்தில் அவர் வராமல் பிரதிநிதியை அனுப்பியிருப்பார். விளிப்பே உரையைவிட நீளமாகப் போகும் நம் ஊர்ப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. முதல் மூன்று நான்கு பேரைச் சொல்லிவிட்டு "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று நிறுத்திவிடுவேன். இதுவரை யாரும் அடிக்கவில்லை.

கல்யாண விருந்தில் வாழ்த்துரை: சாப்பாட்டுக்கு முன், ஒன்றரை நிமிடம், மாப்பிள்ளை அல்லது பெண்ணைப் பற்றி மற்றவருக்குத் தெரியாத ஒரு சின்னச் சம்பவம். சாப்பாடு பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் "வாழ்க வளமுடன்" சொல்லி இறங்கிவிடுங்கள். பிரியாணியை வென்ற பேச்சாளரை நான் பார்த்ததில்லை.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரியும். முதல் இரண்டு வாக்கியம், கடைசி ஒரு வாக்கியம், இவை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். நடுவில் வருவதற்கு அட்டையில் நாலைந்து சொற்கள் போதும்.

ஆறாம் படி: உடம்பு செய்வது

பெயர் கூப்பிட்டதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், கை நடுங்கும், எச்சில் குறைந்து வாய் காயும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு செய்யும் ஏற்பாடு அது. எனக்கு முதல் ஒரு நிமிடம்தான் உச்சம், அதைத் தாண்டினால் தானாக இறங்குகிறது. முதல் இரண்டு வாக்கியத்தை நெட்டுருப் போடச் சொன்னது அந்த ஒரு நிமிடத்தைக் கடக்கத்தான்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் நல்லது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்கு அது கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை என்று கண்டார்கள். அதோடு விடவில்லை. பேசுவதற்கு முன்பே இந்த உண்மையைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். எங்கள் கூட்டத்தில் இதைச் சோதித்தோம். பேசியவர் தன் நடுக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ரகசியமாக எழுதுவார், கேட்டவர்களும் எழுதுவார்கள். அக்கா தனக்கு ஒன்பது போட்ட நாளில் நாங்கள் மூவரும் போட்டது மூன்று, நான்கு, மூன்று. அந்தத் துண்டுச்சீட்டுகளை அக்கா இன்னும் கைப்பையில் வைத்திருக்கிறார்.

மேடைக்குப் போகுமுன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலைந்து தடவை. மீதி எல்லாம் பழக்கம்.

ஏழாம் படி: மண்டபம்

அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். மேடையில் ஏறி நின்று பாருங்கள், கம்பி எங்கே கிடக்கிறது, படி எத்தனை என்று. ஒலிவாங்கியைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். வணக்கம் சொல்லிப் பாருங்கள். வாய்க்கும் அதற்கும் ஒரு கைமுட்டி இடைவெளி, சற்றே ஓரமாகப் பிடித்தால் பகரம் வெடிக்காது. ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் கீச்சிடும். நம் ஊர் மண்டபங்களில் குளிர்சாதனம் பனிமலை போல ஓடும், தொண்டை கட்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம், ஆயர் சுவாம் (வெதுவெதுப்பான தண்ணீர்) கேட்டு வாங்குங்கள்.

தாளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. கைக்கு அடங்கும் தடித்த அட்டை, ஒரு பக்கம் மட்டும் எழுத்து. அட்டை நடுங்கினாலும் சத்தம் போடாது.

எட்டாம் படி: சறுக்கிய பிறகு

சறுக்குவீர்கள். எனக்கு ஆறாவது வாரம், முதல் வாரத்தைவிட மோசமாகப் போனது. எல்லோரும் சொன்ன திருத்தங்களை ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு பேசினால் அப்படித்தான் ஆகும். அதை வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன். பத்து வாரம் முடிந்து, முதல் உண்மையான மேடை, ஒரு உறவினர் கல்யாணம். மணமகனின் பெயருக்குப் பதில் அவன் அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது.

பள்ளிக்கூட இரவோடு இதை ஒப்பிட்டால் ஒரே வித்தியாசம், அடுத்த புதன்கிழமை போய்ச் சொல்ல எனக்கு ஓர் இடம் இருந்தது. அங்கேயும் அதே நாலு கேள்விதான். அண்ணன் சொன்ன திருத்தம்: "மாப்பிள்ளை பேரை உள்ளங்கையில எழுதிக்கமா." இன்றும் எழுதிக்கொள்கிறேன்.

ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, இடம், எத்தனை பேர், எத்தனை நிமிடம், சொல்லப்பட்ட ஒரு திருத்தம். மதிப்பெண் போட வேண்டாம். சோர்வு வரும் நாளில் எண்ணிக்கையைப் பாருங்கள். என்னுடையது 61-ல் நிற்கிறது, அதில் குரல்பதிவுகளைச் சேர்க்கவில்லை.

திக்கிப் பேசுகிறவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸின் உலகப் பேச்சுப் போட்டி 2014-ல் நம் கோலாலம்பூரில் நடந்தது, இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாரச்சி வென்றார். அடுத்த ஆண்டு வென்ற சவுதி அரேபியர் முகமது கஹ்தானி, சிறு வயதில் திக்கிப் பேசி அவதிப்பட்டவர். திக்கு அதிகமாக இருந்தால் பேச்சுச் சிகிச்சையாளரையும் பாருங்கள், கூட்டத்தையும் விடாதீர்கள். அவர்கள் பேசும்போது சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

இந்த வாரமே

அட்டையும் குவளையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் மிக அதிகமாகத் தயங்குவீர்கள், என்ன எழுதுவது என்று தெரியாது. நான் அண்ணனுக்கு அனுப்பியது இன்னும் கைப்பேசியில் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"அண்ணே, வணக்கம். எனக்கு மேடையில பேச வரல, பழகணும். புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு அக்காவோட தையல் கடைக்கு வர முடியுமா? நான் ரெண்டு நிமிஷம் பேசுவேன், நீங்க கேட்டா போதும். பிடிச்சா நீங்களும் பேசலாம். பத்து வாரம்தான். தே தாரேக் என் செலவு."